பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூணு வயசு, "ஃபாரினர் கட்டணம்"னு சொல்லிட்டாங்களாம். எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?

செங்காங்_சித்தி
ஞாயிறு, இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். வழக்கமா சமையல் பகுதியிலதான் எழுதுவேன். இன்னிக்கு வேற விஷயம், மனசு தாங்கலை.

எங்க மாடியில மூணு வீடு தள்ளி ஒரு பொண்ணு இருக்கா. பட்டுக்கோட்டைப் பக்கம். கல்யாணம் ஆகி சிங்கப்பூர் வந்து அஞ்சு வருஷம். மாப்பிள்ளை இங்கேயே பிறந்து வளர்ந்தவர், லாரி ஓட்டுறார். காலையில நாலரைக்குக் கிளம்பினா ராத்திரி எட்டு ஆகும் வீட்டுக்கு வர. அவளுக்கு இங்கே தங்குறதுக்கான நீண்டகால வருகை அட்டை. பையன் இங்கேதான் பிறந்தான், மூணு முடிஞ்சிருச்சு.

பிள்ளை நாள் முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். கீழே பஸ் நிறுத்தம். 80, 87, 159ன்னு வர்ற பஸ்ஸெல்லாம் நம்பர் சொல்லுவான். நான் தாழ்வாரத்துல போனா "பாட்டி, எம்பது போயிருச்சு"ன்னு கத்துவான். அவ்வளவு சூட்டிகையான பிள்ளை. பேசுறதுக்கு அம்மாவை விட்டா நான்தான்.

ஏன்டி பள்ளியில போடலைன்னு போன வாரம் கேட்டேன். அழுதுட்டா. எட்டு மாசத்துக்கு முன்னாடியே பக்கத்துல ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்குப் போயிருக்கா. அட்டையைக் காட்டச் சொல்லியிருக்காங்க. இவ தன்னோட அட்டையை எடுத்து நீட்டியிருக்கா. அவங்க வேகமா ஆங்கிலத்துல ஏதோ சொல்லி, ஒரு தாள்ல ஒரு தொகையைப் பேனாவால வட்டம் போட்டுக் கொடுத்தாங்களாம். "ஃபாரினர்"ங்கிற ஒரு வார்த்தை மட்டும் இவளுக்குப் புரிஞ்சுது. அந்தத் தாளை நாலா மடிச்சு இன்னும் பர்ஸுலயே வெச்சிருக்கா. புருஷன் கிட்டக்கூடச் சொல்லலை. அந்தத் தொகை அவர் சம்பளத்துல பாதிக்கு மேல.

ஊர்ல பால்வாடிக்குப் பிள்ளையைத் தூக்கிட்டுப் போனா டீச்சர் வாசல்ல வந்து வாங்கிப்பாங்க, யாரும் அட்டை கேட்டதில்லைன்னு சொல்றா. நான் பிள்ளை வளர்த்தது முப்பது வருஷத்துக்கு முன்னாடி. இப்போ என்ன நடைமுறைன்னு எனக்குத் தெரியலை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பாலர்_ஆசிரியை
ஞாயிறு, இரவு 10:30

சித்தி, நான் பதினாறு வருடமாகப் பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். நீங்கள் சொன்னதைப் படித்ததும் வயிறு எரிந்தது. ஏனென்றால் இது முதல் தடவை இல்லை.

அந்தப் பையன் சிங்கப்பூர்க் குடிமகன். அப்பா குடிமகன், சட்டப்படி திருமணம் நடந்திருக்கிறது, பிள்ளை பிறந்தது இங்கே. பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பிறந்தபோது இந்தக் குழந்தை சிங்கப்பூர்க் குடிமகனா இல்லையா என்று ஒரு வரி இருக்கும். பாலர் பள்ளி மானியம் அந்த ஒரு வரியைத்தான் பார்க்கும். அம்மா கையில் என்ன அட்டை இருக்கிறது என்பதைப் பார்க்காது. அவர் நீட்ட வேண்டியது பிள்ளையின் சான்றிதழ். நீட்டியது தன் அட்டை. முகப்பில் இருந்தவர் "பிள்ளை குடிமகனா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் எட்டு மாதம் வீணாகியிருக்காது.

இப்போது பணக் கணக்கு. முழுநாள் பராமரிப்புக்கு வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு மாதம் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அடிப்படை மானியம். குடும்ப வருமானம் 12,000 வெள்ளிக்குள் இருந்தால் அதற்கு மேல் கூடுதல் மானியம், 467 வெள்ளி வரை. வருமானம் குறையக் குறைய இது கூடும். வேலை என்றால் மாதம் 56 மணி நேரமாவது பார்த்திருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் தாய்க்கு அடிப்படை மானியம் 150 மட்டும் என்பதுதான் பழைய கணக்கு. 2024 டிசம்பரிலிருந்து, குடும்ப வருமானம் 6,000 வெள்ளிக்கு மேல் போகாத வீடுகளில் தாய் வேலைக்குப் போகாவிட்டாலும் முழு மானியம் உண்டு. ஒரு லாரி ஓட்டுநர் சம்பளத்தில் ஓடும் வீடு இதற்குள் வரும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: பிசிஎஃப் ஸ்பார்க்கல்டாட்ஸ், மை ஃபர்ஸ்ட் ஸ்கூல், ஸ்கூல்4கிட்ஸ், ஈ-பிரிட்ஜ், மை வோர்ல்ட். இந்த ஐந்தும் அரசாங்க ஆதரவு பெற்ற நடத்துநர்கள், குடிமக்கள் பிள்ளைகளுக்குக் கட்டண உச்சவரம்பு உண்டு. 2026இல் முழுநாளுக்கு பொருள் சேவை வரி நீங்கலாக 610 வெள்ளி. அதிலிருந்து மானியத்தைக் கழித்துப் பாருங்கள். மாதம் ஒரு சில வெள்ளி மட்டும் கட்டுகிற குடும்பங்கள் என் வகுப்பிலேயே இருக்கின்றன.

இன்னொன்று. அப்பா குழந்தைப் போனஸுக்கு (பிள்ளை பிறந்தால் அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகைக்கு) விண்ணப்பித்தாரா என்று கேளுங்கள். பிள்ளை மேம்பாட்டுக் கணக்கு திறந்திருந்தால் அதில் அரசாங்கம் போட்ட தொடக்கத் தொகை இருக்கும். 2023 பிப்ரவரி 14 அல்லது அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு 5,000 வெள்ளி, அதற்கு முன் என்றால் 3,000. அதைப் பாலர் பள்ளிக் கட்டணத்துக்கு எடுக்கலாம்.

---

தஞ்சை_மைந்தன்
திங்கள், காலை 7:15

மன்னிக்கணும், ஒரு மாற்றுக் கருத்து. மூணு வயசுப் பிள்ளையை அம்மாகிட்டேயிருந்து பிரிக்கணுமா? அம்மா வீட்டுலதானே இருக்காங்க. நாங்கெல்லாம் அஞ்சு வயசுல, கையைத் தலைக்கு மேல வளைச்சு எதிர்க்காதைத் தொட்டுக் காட்டித்தான் ஒண்ணாப்புல சேர்ந்தோம். நல்லாத்தான் இருக்கோம். பிள்ளை வீட்டுல தமிழ் பேசி வளரட்டும். இப்பவே கொண்டு போய் விட்டா ரெண்டு மாசத்துல அம்மாவையே "மம்மி"ம்பான்.

---

உட்லண்ட்ஸ்_அப்பா
திங்கள், காலை 8:02

தஞ்சை அண்ணே, உங்க ஆதங்கம் புரியுது. நானும் அப்படித்தான் நினைச்சேன். என் கதையைச் சொல்றேன், நிதானமாப் படிங்க.

என் மகன் ரெண்டரை வயசு வரைக்கும் அஞ்சாறு வார்த்தைக்கு மேல பேசலை. என் மனைவி திருச்சி. வீட்டுல தமிழ்தான். ஊர்ல கேட்டா "ஆம்பளைப் பிள்ளை, மெதுவாப் பேசுவான், அவன் தாத்தாவும் அப்படித்தான்"ன்னாங்க. இங்கே ஒரு நிலையத்துல "வீட்டுல ரெண்டு மொழி பேசுறீங்க, அதான் குழப்பம், தமிழை நிறுத்திட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்க"ன்னு சொல்லிட்டாங்க. என் மனைவிக்கு ஆங்கிலம் வராது. அதனால என்ன ஆச்சு தெரியுமா? அவ பிள்ளைகிட்டப் பேசுறதையே நிறுத்திட்டா. சாப்பாடு ஊட்டுறா, குளிப்பாட்டுறா, வாயைத் திறக்கிறதில்லை. தப்பாப் பேசி இன்னும் கெடுத்துடுவோமோன்னு பயம். நாலு மாசம் எங்க வீடு ஊமை வீடா இருந்துச்சு.

அப்புறம் தடுப்பூசிக்குப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போனப்போ ஒரு தாதி சுகாதாரக் கையேட்டைப் புரட்டிட்டு, "வளர்ச்சிப் பட்டியல்ல ஏன் எதையுமே நிரப்பலை?"ன்னு கேட்டாங்க. எங்களுக்கு அப்படி ஒரு பட்டியல் இருக்கிறதே தெரியாது. ஊசி போட்ட தேதி எழுதுற புத்தகம்னு நினைச்சோம். எந்த மாசத்துல பிள்ளை என்ன செய்யணும், ரெண்டு சொல் சேர்த்துப் பேசுறானா, விரல் நீட்டிக் காட்டுறானான்னு ஒவ்வொண்ணாக் கேட்டிருக்கும். அந்தத் தாதிதான் மருத்துவரைப் பார்க்க வெச்சாங்க. அங்கேயிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினாங்க. முதல்ல காது கேட்குதான்னு சோதனை. அடுத்துப் பேச்சுச் சிகிச்சை. அதுக்கப்புறம் இபிக் திட்டத்துல சேர்த்தோம். வளர்ச்சியில தேவை இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்கான ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டம் அது.

பேச்சுச் சிகிச்சையாளர் முதல் நாள் சொன்னது இன்னும் காதுல நிக்குது. ரெண்டு மொழி பேசுறதால பேச்சு தாமதமாகாது, அம்மாவுக்கு எந்த மொழி தடையில்லாம வருதோ அதுலயே நிறையப் பேசுங்கன்னாங்க. என் மனைவி வண்டியில வரும்போது பிள்ளையை மடியில வெச்சுக்கிட்டு வழியெல்லாம் பேசினா. நாலு மாசப் பேச்சையும் அன்னிக்கே பேசித் தீர்த்தா.

இப்போ அவனுக்கு ஆறு வயசு. வாய் ஓயாது.

அதனால சொல்றேன் அண்ணே. பாலர் பள்ளின்னா ஏபிசிடி சொல்லிக் கொடுக்கிற இடம் மட்டும் இல்லை. பத்துப் பிள்ளையை ஒண்ணா வெச்சுப் பார்க்கிற ஒருத்தர் கண்ணுல நம்ம பிள்ளை படணும். வீட்டுக்குள்ளேயே இருந்தா யார் கண்ணுலயும் படாது.

---

தஞ்சை_மைந்தன்
திங்கள், காலை 8:40

உட்லண்ட்ஸ் தம்பி, இதை நான் யோசிக்கலை. அந்தப் பட்டியல் எந்தப் பக்கத்துல இருக்கு? என் பேத்திக்கு ஒன்றரை வயசு. இன்னிக்கே பார்க்கணும்.

---

காரைக்குடி_மருமகள்
திங்கள், மதியம் 1:20

எங்க நிலைமை வேற. நாங்க ரெண்டு பேருமே வெளிநாட்டவங்க. கணவருக்கு வேலை அட்டை, எனக்கும் மகளுக்கும் சார்ந்திருப்போர் அட்டை. மாசச் சம்பளம் 6,000 வெள்ளி இருந்தாத்தான் குடும்பத்தையே கூட்டிட்டு வர முடியும். குறைஞ்ச சம்பள வேலைக்கான வொர்க் பெர்மிட்டுல வர்றவங்களுக்கு அதுக்கும் வழியில்லை, அவங்க பிள்ளைங்க ஊர்ல தாத்தா பாட்டிகிட்ட வளருது. அதனால எங்களை வசதியானவங்கன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. வாடகை போக மிஞ்சுறதுல மானியமே இல்லாம பாலர் பள்ளிக்குக் கட்டுறது எவ்வளவு பெரிய தொகைன்னு கட்டுறவங்களுக்குத்தான் தெரியும்.

எங்களை மாதிரி புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு விஷயம் சொல்றேன்.

முதல்ல தடுப்பூசி. 2019 பிப்ரவரியிலிருந்து, வெளிநாட்டுல பிறந்த 12 வயசு வரையுள்ள பிள்ளைக்கு நீண்டகால அட்டை வேணும்னா தட்டம்மை, தொண்டை அடைப்பான் ரெண்டுக்கும் ஊசி போட்ட ஆதாரத்தைச் சரிபார்த்தாகணும். என் மகளோட அட்டை எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல கொடுத்தது. செவிலியரம்மா கையால தமிழ்ல எழுதினது. பாதி மை அழிஞ்சு போச்சு. ஊர்ல தட்டம்மை ஊசி 9 மாசத்துல போட்டாங்க. இங்கே முதல் ஊசியே 12 மாசத்துலதான். கடைசியில இன்னொரு ஊசி போட்டு, அட்டையையும் ஆங்கிலத்துல மாத்தி எழுதி வாங்கி அனுப்புறதுக்குள்ள ரெண்டு மாசம் ஓடிருச்சு. வர்றதுக்கு முன்னாடியே ஊர்ல ஆங்கிலத்துல எழுதி, முத்திரை வாங்கிட்டு வந்துடுங்க.

ரெண்டாவது, கல்வி அமைச்சு நடத்துற பாலர் பள்ளியில குடிமக்கள், நிரந்தரவாசிகள் பிள்ளைகளை மட்டும்தான் சேர்ப்பாங்க. அது தெரியாம நான் ரொம்ப நாள் காத்திருந்தேன். எங்களை மாதிரி இருக்கிறவங்க மத்த உரிமம் பெற்ற நிலையங்கள்ல இடம் கேட்கணும். அரை நாள் வகுப்பு கட்டணம் குறைவு, நாங்க அதுலதான் போட்டோம். மீதி நேரத்துக்கு நூலகம். உள்ளே போய்ப் படிக்க யாரும் அட்டை கேட்க மாட்டாங்க. சிறுவர் பகுதியில தரையில உட்கார்ந்து தமிழ்ப் படப் புத்தகம் வாசிச்சுக் காட்டுவேன். அங்கேதான் எனக்கு முதல் தோழியே கிடைச்சா.

---

வல்வை_பேரன்
திங்கள், இரவு 11:05

உங்கட கதையளை வாசிக்க என்ர அக்காவின்ர ஞாபகம் வந்திட்டுது. 1995 இடப்பெயர்வில யாழ்ப்பாணத்தில இருந்து வெளிக்கிட்டவ. வன்னி, கொழும்பு எண்டு அலைஞ்சு கடைசியா ரொறன்ரோவுக்கு அகதியாப் போய்ச் சேர்ந்தா. கையில ரெண்டு வயசு மகள். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது.

அங்க புதுசா வாற ஆக்களுக்கு அரசாங்கம் இலவசமா ஆங்கில வகுப்பு நடத்துது. 1992இல தொடங்கினது, லிங்க் எண்டு சொல்லுவினம். அக்காவுக்குப் பெரிய ஆறுதல் என்னெண்டால், தாய்மார் படிக்கிற கட்டடத்திலயே பிள்ளையளைப் பாக்கிறதுக்கும் ஒரு அறை இருந்தது. தாய் இந்தப் பக்கம் படிப்பா, பிள்ளை அந்தப் பக்கம் விளையாடும். பிள்ளை அழுதால் கேக்கும். முதல் கிழமை முழுக்க அக்கா கதவோரக் கதிரையிலதான் இருந்தவவாம். குண்டுச் சத்தத்துக்குள்ள பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினவ, அவளைக் கண்ணுக்கு மறைவில விடுறதுக்கு எவ்வளவு மனம் வேணும். அதை விளங்கிக்கொண்ட ஒரு ஆசிரியை கதவைச் சாத்தாமல் விட்டிருக்கிறா. இண்டைக்கும் அக்கா அந்த மனுசியைப் பற்றிக் கதைப்பா.

அந்தப் பிள்ளைக்கு இப்ப ஒரு பிள்ளை. ஒன்ராறியோவில ஏர்லிஆன் எண்டு நிலையங்கள் இருக்குது, ஆறு வயசு வரைக்குமான பிள்ளையளைத் தாய் தகப்பன் கூட்டிக்கொண்டு போய்க் கூடவே இருந்து விளையாடலாம், காசு இல்லை. அக்காவின்ர மகள் தன்ர பிள்ளையோட அங்க போறா.

சித்தி, உங்கட பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு ஆங்கிலம் வராதெண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகப் பயமாயிருக்கும். முதல் நாள் நீங்கள் கூடப் போங்கோ. போன் நம்பர் குடுத்துப் போதாது.

---

செம்பவாங்_பழையவர்
செவ்வாய், காலை 6:30

வல்வைத் தம்பி அகதி என்று எழுதியதும் எனக்கு ஹாக்கின்ஸ் ரோடு நினைவுக்கு வந்தது. 1978 முதல் 1996 வரை செம்பவாங்கில் வியட்நாம் படகு அகதிகளுக்கு முகாம் இருந்தது. வேறொரு நாடு அவர்களை ஏற்றுக்கொள்வதாக உத்தரவாதம் கொடுத்தால்தான் கரையிறங்க விடுவார்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையில் சிங்கப்பூர் கையெழுத்திடவில்லை, அது இன்றும் அப்படித்தான். என் தாயார் எங்களுக்குச் சிறுத்துப்போன சட்டைகளைத் துவைத்து, மடித்து, அந்த முகாமுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். வேலியோரம் நின்ற பிள்ளைகளில் ஒருத்திக்கு என் தங்கையின் பூப்போட்ட கவுன். எத்தனை மாதம் அங்கே இருந்தாளோ, எந்த நாட்டுக்குப் போனாளோ. அவளுக்கு அப்போது மூன்று வயதுதான் இருக்கும்.

---

பெயர்_வேண்டாம்
செவ்வாய், இரவு 12:48

இதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் யோசிச்சு எழுதறேன். எனக்கும் வருகை அட்டைதான். கணவர் ஏழு மாசமா எங்ககூட இல்லை. மகளுக்கு நாலு வயசு, இங்கே பிறந்தவ, குடிமகள். பள்ளி மானியம் கேட்டா அவர் கையெழுத்து வேணுமா? கேட்டதால என் அட்டைக்கு ஏதாவது ஆகுமான்னு பயமா இருக்கு. அதனால எங்கேயும் போகாம இருக்கேன்.

---

தொண்டூழியர்_ஈசூன்
புதன், காலை 7:10

தங்கச்சி, எழுதினதுக்கு நன்றி. தனியா இல்லை நீங்க.

பள்ளி விண்ணப்பம் வேற, அட்டை விண்ணப்பம் வேற. ரெண்டும் வெவ்வேற அலுவலகம். மகள் குடிமகள், மானியம் அவளுக்கு உரியது. ஆனா உங்க நிலைமையில அட்டை, வீடு, பள்ளி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. இங்கே பொதுவுல பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை. உங்க வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்துக்குப் போங்க. சமூக ஊழியர் ஒருத்தர் உங்களுக்குன்னு ஒதுக்கப்படுவார், கையெழுத்து விஷயத்தையும் அவர் நிலையத்தோட பேசுவார். தமிழ் பேசுறவர் வேணும்னு முதல்லயே கேளுங்க. பீட்டி ரோட்டுல சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) இருக்கு, 1991லயிருந்து நம்ம சமூகத்துக்காக நடக்குது, அங்கேயும் தமிழ்ல பேசலாம். உங்களுக்குத் தனிமடல் அனுப்பியிருக்கேன். நான் கூட வரேன்.

செங்காங் சித்திக்கும் ஒண்ணு. நான் கூடப் போற குடும்பங்களுக்கு ஒரு சின்னத் தாள் எழுதிக் கொடுப்பேன். ஆங்கிலம் பேசத்தான் தயக்கம், தமிழ் எழுத்து வாசிக்க எல்லாருக்கும் வரும். அதனால தமிழ் எழுத்துலயே இப்படி:

"மை சைல்ட் இஸ் எ சிங்கப்பூர் சிட்டிசன். திஸ் இஸ் ஹிஸ் பர்த் சர்ட்டிஃபிகேட்."
"ஐ வான்ட் டு அப்ளை ஃபார் சப்சிடி."
"ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி."
"ப்ளீஸ் ரைட் இட் டௌன். மை ஹஸ்பண்ட் வில் ரீட்."

நாலு வரிதான். வீட்டுல பத்துத் தடவை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்க. மூணாவது வரி ரொம்ப முக்கியம். ஒருத்தர் மெதுவாப் பேச ஆரம்பிச்சா நம்ம ஆளுங்களுக்குப் பாதி புரிஞ்சிரும்.

கொண்டு போக வேண்டியது: பிறப்புச் சான்றிதழ் (கைபேசியில இருக்கிற மின்சான்றிதழ்னா அச்சடிச்சுக்கங்க), சுகாதாரக் கையேடு, அம்மா அப்பா அட்டை நகல், அப்பாவோட சம்பளச் சீட்டு. எதையும் அசலை அங்கே விட்டுட்டு வராதீங்க.

---

செங்காங்_சித்தி
மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 5:15

பிள்ளைங்களா, போயிட்டு வந்தோம்!

அவ அந்த நாலு வரியைச் சொல்லிப் பழகின அழகு இருக்கே. பையன் அவளுக்கு முந்தி மனப்பாடம் பண்ணிட்டான். லிஃப்டுல நின்னுக்கிட்டு "ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி"ங்கிறான் பக்கத்துல நின்ன சீனத் தாத்தாகிட்ட.

பழைய இடத்துக்கே போகலாமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டா. ஆசிரியை சொன்ன ஐந்துல ஒண்ணு, நடந்து போற தூரத்துல. முகப்புல இருந்த மலாய்ப் பொண்ணு சான்றிதழைப் பார்த்துட்டு, "இவன் சிட்டிசன்தானே, ஏன் இத்தனை நாள் வரலை?"ன்னு கேட்டா. இவ என்னைப் பார்த்தா. நான் ஒண்ணும் சொல்லலை. அந்த மடிச்ச தாளைப் பர்ஸுலேருந்து எடுத்தா, பார்த்தா, திரும்ப உள்ளேயே வெச்சுட்டா.

முழுநாளுக்கு இடம் இல்லை, காத்திருப்போர் பட்டியல்ல போட்டிருக்காங்க. அரை நாளுக்கு இப்பவே இடம் இருக்கு. மானிய விண்ணப்பத்தை நிலையமே அனுப்பிடும்னாங்க. மாப்பிள்ளை அன்னிக்கு ராத்திரி சிங்பாஸ்ல, அதான் அரசாங்க இணையக் கணக்குல, நுழைஞ்சு பார்த்தா, பிள்ளை மேம்பாட்டுக் கணக்குல 5,000 வெள்ளி தொடாமலே கிடக்கு. பிறந்தப்போ மருத்துவமனையில யாரோ சொல்லி விண்ணப்பிச்சதாம், அப்புறம் மறந்தே போச்சாம். மனுஷன் ரொம்ப நேரம் பேசாம உட்கார்ந்திருந்தார்னு சொன்னா. நாள் முழுக்க ரோட்டுல கிடக்கிறவர், அவரைக் குத்தம் சொல்ல மனசு வரலை.

ஒரே ஒரு குறை. அங்கே தாய்மொழி வகுப்புன்னா சீனம் மட்டும்தான். தமிழ் ஆசிரியர் இல்லை.

---

தஞ்சை_மைந்தன்
சனி, மாலை 5:50

நான் பயந்தது இதுக்குத்தான் சித்தி. ஆனாலும் பிள்ளை போகட்டும். பட்டியல் பார்த்தேன், பேத்திக்கு எல்லாம் சரியா இருக்கு.

---

பாலர்_ஆசிரியை
சனி, இரவு 8:20

மனம் குளிர்ந்தது சித்தி.

தமிழைப் பற்றி. பல நிலையங்களில் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள், அவர்களுக்காக ஓர் ஆசிரியரை வைக்க மாட்டார்கள். சீன வகுப்பு நடக்கும்போது அந்தப் பிள்ளைகள் ஒரு மூலையில் வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெற்றோர் நாலு பேர் சேர்ந்து கேட்டால் சில இடங்களில் வாரம் சில நாளுக்காவது தமிழ் ஆசிரியரைக் கொண்டு வருகிறார்கள். கேட்காத இடத்தில் வருவதே இல்லை.

இந்தப் பையனுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் சீனம், மலாய், தமிழ் மூன்றும் உண்டு. ஐந்து வயதாகும் வருடத்தில் கே1 வகுப்பில் (பாலர் பள்ளி முதலாம் ஆண்டு) சேரலாம், அதற்கு முந்தைய வருடமே பதிவு செய்ய வேண்டும். பதிவு எப்போது என்று இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கட்டண உதவித் திட்டமும் உண்டு, அதற்குத் தாய் வேலைக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அதுவரை வீட்டில் அம்மா பேசும் பட்டுக்கோட்டைத் தமிழே போதும். அதற்கு மேல் எந்த வகுப்பும் கொடுத்துவிட முடியாது.

---

பட்டுக்கோட்டை_80
ஞாயிறு, இரவு 10:10

வணக்கம். சித்தி வீட்டுப் பக்கத்து வீடு நான்தான். சித்திதான் கணக்கு தொடங்கிக் கொடுத்தாங்க. நீங்க எழுதுனதெல்லாம் வாசிச்சேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

நாளைக்கு முதல் நாள். ஒரு சந்தேகம், கேக்கக் கூச்சமா இருக்கு. மாத்துத் துணி ரெண்டு செட்டு, துண்டு, தண்ணி பாட்டில் கொண்டு வரச் சொன்னாங்க. எல்லாத்துலயும் பேர் எழுதணுமாம். தமிழ்ல எழுதலாமா? அவனுக்கு இன்னும் எந்த எழுத்தும் தெரியாது. அவனோட பையை அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

---

பாலர்_ஆசிரியை
ஞாயிறு, இரவு 10:18

வாங்கம்மா வாங்க. இதிலென்ன கூச்சம்.

ஆங்கிலத்தில் எழுதுங்கள், ஆசிரியர்கள் படிக்க வேண்டும். அழியாத மையில் எழுதுங்கள், துணியின் கழுத்துப் பட்டையில். தமிழிலும் பக்கத்தில் எழுதுங்கள், அது அவன் பெயர்.

பையில் மட்டும் ஒரு பஸ் படம் வரைந்து, நெற்றியில் 80 என்று போட்டுவிடுங்கள். எத்தனை பை இருந்தாலும் நேராக அதனிடம்தான் போவான்.